பேராண்டி, இரும்புக் காவா வாங்கப் போறியாமே!

வா பேராண்டி, உக்காரு. திண்ணையெல்லாம் தூசு, உன் பேன்ட்டோ வெள்ளை. இந்தத் துண்டை விரிச்சு உக்காரு. டீ சொல்லியிருக்கேன், வருது.

நேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உன் பேச்சுதான். "அவரு அக்கா பேரன் மெட்ராஸ்லேர்ந்து வந்து பாட்டி வூட்டுக்குக் கட்டர் வாங்கறானாம்"னான் ஒருத்தன். "எதுக்கு, கரும்பு வெட்டவா?"ன்னான் இன்னொருத்தன். நான் வாயைத் திறக்கல. என் அக்கா பேரனாச்சே, வுட்டுக் குடுக்க முடியுமா? "அது வெட்டற கட்டர் இல்லப்பா, வெள்ளைக்காரன் வூட்டு எரவாணத்துக்கு அடியில தொங்குமே, மழைத்தண்ணிக்கு, அந்தக் கட்டரு. முழுக்க வார்ப்பிரும்பு"ன்னேன். கொஞ்ச நேரம் ஒருத்தனும் பேசல. அப்புறம் டீ ஆத்துறவன்தான் கேட்டான்: "ஏன் பெரியவரே, அந்த வூட்டு மழைத்தண்ணி நாலு தலைமுறையா எங்க போச்சாம்?"

நல்ல கேள்வி. அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன். கோச்சிக்காத.

நீ காட்டின படப் புத்தகத்தை உன் சித்தி மவளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என்னா அழகு! அரைவட்டமா ஒண்ணு, பொட்டி மாதிரி ஒண்ணு, அன்னத்துக் கழுத்தாட்டம் வளைஞ்சு ஒண்ணு. தண்ணி இறங்கற குழாய்க்கு மேல கிண்ணம் மாதிரி ஒரு தலை, அதுல சிங்க மூஞ்சி. நம்ம வூட்டுக்குச் சிங்கம் வேணுந்தான். எலிங்க பயப்படும்.

இங்கிலாந்துல அதுக்கு ஞாயம் இருக்குது, அத்த நான் ஒத்துக்கறேன். அங்க பழைய வூடுங்களைப் பட்டியல் போட்டு வச்சிருக்கானுங்க. 1947-ல வந்த ஊரமைப்புச் சட்டத்துலேர்ந்து அந்தப் பட்டியல் ஆரம்பம். இங்கிலாந்துல மட்டும் மூணே முக்கால் லட்சத்துக்கு மேல இருக்குது. பட்டியல்ல சேர்ந்த வூட்டுக்காரன் அனுமதி இல்லாம வூட்டோட சாயலை மாத்தினா அது குத்தம், கேஸு போடுவான். இரும்புக் குழாயைப் பிடுங்கிட்டு பிளாஸ்டிக் மாட்டுனாகூட கேள்வி வரும். அந்த வூடுங்க கட்டுன காலத்துல இரும்பு தொங்குச்சு, அதனால இன்னிக்கும் இரும்பே தொங்கணும். இது நேர்மை. ஏற்கெனவே இருந்தத வச்சிருக்கான்.

நம்மூருலயும் வூட்டுக்கு மருவாதி இல்லாம இல்ல. உன் பாட்டி வூட்டு மாடியில நின்னா தெரியுதே வைகுண்டப் பெருமாள் கோயிலு, அதுல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ரெண்டு இருக்குது, 919-ல ஒண்ணு, 921-ல ஒண்ணு. குடவோலைன்னு இஸ்கூல்ல படிச்சிருப்ப, ஊரு வாரியத்துக்கு ஆளு எடுக்குற முறை. முப்பது குடும்பு. ஓலையில பேரு எழுதிக் குடத்துல போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. ஓலையில பேரு ஏறணும்னா கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம் இருக்கணும், சொந்த மனையில வூடு கட்டியிருக்கணும், வயசு 35-க்கு மேல 70-க்குள்ள. உனக்கு 34. நிலத்தை உங்கப்பன் வித்துட்டான். எனக்கு 78. ஆக நம்ம ரெண்டு பேரு பேரும் குடத்துக்கு வெளியதான். உன் காண்ட்ராக்டருக்கும் இடமில்ல. முன்னால வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவனையும், அவன் சொந்தக்காரனையும் சேர்த்துத் தள்ளி வச்சிருக்கானுங்க. உன் ஆளு போன மாசம் வாங்கின சிமெண்டுக்குக் கணக்குக் குடுத்தானா? சரி, வுடு.

கோயில் பாக்க வர்ற வாத்தியாருங்க பேசறத ஓசியில கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இவ்வளவும் தெரியும். நான் படிச்சது எட்டாங் கிளாஸு. ஆனா ஓடு பிரிச்சு அடுக்கறதுல நாப்பது வருசம். இந்தத் தெருவுல நான் ஏறாத கூரை இல்ல. உன் பாட்டி வூட்டுக் கூரையில மட்டும் பதினெட்டு தடவை ஏறியிருக்கேன். அதுல ரெண்டு தடவை எங்கக்கா சாப்பாடு போடல. கணக்கு என்கிட்ட இருக்குது.

அந்தக் கூரையக் கொஞ்சம் நிமிர்ந்து பாரு. பின்கட்டு முழுக்க நாட்டு ஓடு, பனங்கை மேல மூங்கில் வரிச்சி. முன்தாழ்வாரத்துக்கு மட்டும் உங்க கொள்ளுத்தாத்தா மங்களூர் ஓடு போட்டாரு. அந்த ஓட்டுக்கும் ஒரு கதை உண்டு. பாசல் மிஷன் பாதிரிங்க மங்களூருல 1865-ல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சானுங்க, அப்புறந்தான் அது மெட்ராஸ் ராஜதானி முழுக்க ரயிலேறிப் போச்சு. வெளியூரு ஓடு வந்து ஒட்டிகிச்சே, வெளியூரு இரும்பு மட்டும் ஒட்டாதான்னு நீ கேப்ப. ஓடு பனங்கை மேல உக்காருது. உன் இரும்பு பனங்கை நுனியப் பிடிச்சுத் தொங்கப் போவுது. உக்காருற விருந்தாளியும் தொங்குற விருந்தாளியும் ஒண்ணா?

கணக்கு போட்டுப் பாரு, நீதான் இஞ்சினீரு. நாலரை அங்குல அரைவட்ட வார்ப்பிரும்பு அடிக்கு ஏறக்குறைய ஒண்ணரை கிலோ. அதுல தண்ணி விளிம்பு வரைக்கும் நின்னா அடிக்கு இன்னொரு ஒண்ணரை கிலோ. இருபது அடி எரவாணத்துக்கு அறுபது கிலோ. நெல்லு மூட்டை ஒண்ணைக் கட்டி, நூறு வருசத்துப் பனங்கை நுனியில ஐப்பசி கார்த்திகை பூரா தொங்க வுடற மாதிரி. வெள்ளைக்காரன் வூட்டுல சுவருக்கு மேல தடிச்ச பலகை அடிச்சு, அதுல கொக்கி போட்டு, கல்லுச் சுவரோட சேர்த்து முறுக்கியிருப்பான். உனக்கு முறுக்க அங்க இன்னா இருக்குது? ஓணான்தான் இருக்குது.

அப்ப தண்ணி எங்க போச்சுன்னு டீக்கடைக்காரன் கேட்டானே, அதுக்கு வரேன்.

எரவாணத்தை ரெண்டு ரெண்டரை அடி வெளிய நீட்டி வுட்டது எதுக்கு, நிழலுக்கு மட்டுமா? ஓட்டு மேல விழுந்த தண்ணி சுவத்தத் தொடாம தூர விழுறதுக்கு. விழுற இடத்துல கருங்கல்லு பதிச்சு, சரிவு வச்சு, ஜலதாரையில சேத்துட்டாங்க. முத்தத்துப் பக்கம் நாலு கூரையும் உள்ள சாயுது. ரெண்டு சரிவு சேர்ற மூலைக்குக் கூடல்வாய்னு பேரு. அடைமழை பெய்யச்சொல்ல அந்த நாலு கூடல்வாய்லேர்ந்தும் நாலு அருவி விழும். எங்கக்கா மொதல் மழைத் தண்ணிய வுட்டுடுவா, கூரை தன்னத் தானே கழுவிக்கட்டும்னு. ரெண்டாம் மழைக்கு மூலைக்கு மூலை பித்தளை அண்டா வச்சு, வாயில வேட்டியக் கட்டி ரொப்புவா. அந்தத் தண்ணியில வெந்த பருப்பு மாதிரி பருப்பு நான் அப்புறம் எங்கயும் சாப்பிடல. கூடல்வாய்க்கு மட்டும் ஒரு தகரம் மடிச்சுப் போட்டிருந்தோம். பட்டறைக்காரன் ஈயப்பத்து வச்சுக் குடுத்தது, பத்துப் பன்னெண்டு வருசம் வரும். இரும்புன்னு அந்தக் கூரையில இருந்தது அவ்வளவுதான்.

இதுக்கெல்லாம் முன்னோடி அந்தக் கோயிலுதான். கல்லுச் சுவருக்கு மேல வளைஞ்சு வெளிய நீட்டிகினு இருக்குதே, அதுக்குப் பேரு கொடுங்கை. மழை அது மேல வழுக்கி வெளிய சொட்டும். ஆயிரத்து நூறு வருசமா பராந்தகன் எழுத்தை நாம தடவிப் படிக்கிறோம்னா, அதுல அந்தக் கொடுங்கைக்கும் பங்கு உண்டுன்னு நான் நெனைக்கிறேன். அதுக்குக் கீழ ஒருத்தனும் சிங்க மூஞ்சி மாட்டல.

நீ ஒண்ணு சொல்லுவ: "தாத்தா, இங்கிலாந்துலயும் மழை பெய்யுது, அங்க இது வேலை செய்யுதே." செய்யுது. அங்க மழை வயசாளி தும்மற மாதிரி நாள் முழுக்கத் தூறும். காவாவுக்கு அளவு போடறவன் மணிக்கு 75 மில்லிமீட்டர்னு ஒரு கணக்கு வச்சுப் போடறானாம். நம்மூரு மழை அந்தக் கணக்கப் படிச்சதில்ல. 2015 டிசம்பர் ஒண்ணாந் தேதிய மறந்துட்டியா? நீ தாம்பரத்துல மாட்டிகினு போன்ல அழுதியே. ஒரே நாள்ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்துல 47. அத வுடு, அது ஊழி மழை. சாதாரண கார்த்திகையிலேயே மணிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்துல அரை மணி நேரம் கொட்டுறது நமக்குப் புதுசில்ல. ஆயிரம் சதுர அடி கூரையில அந்த வேகத்துல பெய்ஞ்சா நிமிசத்துக்கு 150 லிட்டருக்கு மேல ஓடி வரும். நிமிசத்துக்குப் பத்துக் குடம்! நாலரை அங்குலக் காவாயில அது நிக்காது, தாண்டிக் குதிக்கும். பின்பக்கமா குதிச்சா நேரா மண்சுவரு. எரவாணம் நூறு வருசமா காப்பாத்தின சுவத்த, நீ காசு குடுத்து வாங்கின இரும்பு ஒரே கார்த்திகையில கரைச்சுடும். இன்னும் பெரிசா வாங்கலாம்பே. பெரிசா வாங்கினா கனம் ஏறும். பனங்கை கதைய மறுபடி மொதல்லேர்ந்து சொல்லட்டுமா?

டீ வந்துடுச்சு, குடி. சக்கரை கம்மிதான், எனக்குச் சொன்ன மாதிரியே உனக்கும் சொல்லிட்டேன்.

இரும்பு மேல எனக்குப் பகை இல்லடா. நான் இரும்புல கைவச்சவன். இருபது வயசுல மெட்ராஸுக்குப் போயி, வெள்ளைக்காரன் கட்டுன ஒரு ஆபீசுல பைப்பு மாத்துற மேஸ்திரிகிட்ட கையாளா இருந்தேன். எந்த ஆபீசுன்னு கேக்காத. நான் மூணாவது மாடியிலேர்ந்து ஒரு பைப்பைக் கை நழுவ வுட்டேன், கீழ ஒரு பெரிய அதிகாரியோட சைக்கிள் நின்னுகினு இருந்துச்சு. பைப்பு மூணு துண்டு. சைக்கிளு ஒண்ணுதான், ஆனா வட்டமா இருந்தது நீட்டமாயிடுச்சு. அன்னிக்கு மேஸ்திரி என்னை அடிக்கிறதுக்கு முன்னால ஒடைஞ்ச துண்டக் கையில எடுத்துக் காட்டினாரு: "பாரு, வளையாது, நேரா ஒடையும். இதுல கரி நூத்துக்கு ரெண்டு பங்குக்கு மேல நாலு வரைக்கும் இருக்குது. உள்ள சாம்பல் நிறமா தெரியுதே, அதுதான். மேல உக்காந்தா யானையத் தாங்கும், பக்கத்துல தட்டினா பானை." அப்புறந்தான் அடிச்சாரு.

அந்தாளுகிட்ட கத்துகினது இன்னும் கையில இருக்குது. பழைய பைப்பை ஒரு காசால தட்டணும். முழுசா இருந்தா கோயில் மணி மாதிரி 'ணங்'னு நிக்கும், கீறல் இருந்தா 'டொக்'னு செத்துடும். ஒரு பைப்போட மூக்கை இன்னொண்ணோட வாயில வுட்டு, சந்துல சணல் கயித்த இறுக்கி அடைச்சு, மேல ஈயத்த உருக்கி ஊத்தி, ஆறுனதும் உளியால சுத்தி அடிச்சு இறுக்குவாங்க. ஈரம் இருக்குற வாயில ஈயம் ஊத்துனா வெடிச்சு மூஞ்சிக்குத் தெறிக்கும். என் இடது புருவத்துல இருக்குற தழும்பு அதுதான். உங்கப்பன்கிட்ட சண்டையில வந்ததுன்னு சொல்லியிருக்கேன், நம்பிகினு இருக்கான்.

அந்த இரும்பெல்லாம் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? கப்பல்ல. கிளாஸ்கோவுல வால்டர் மேக்ஃபார்லேன்னு ஒரு கம்பெனி, சாரசென் ஃபவுண்டரி. தண்ணிக் குழாய், காவா, தூணு, பூங்கா மண்டபம் எல்லாத்தையும் படப் புத்தகத்துல நம்பர் போட்டு உலகம் பூரா வித்தான். உன் கையில இருக்குற புத்தகத்துக்கு அவன்தான் முப்பாட்டன். மைசூரு அரண்மனையில கல்யாண மண்டபத்துல நிக்குற இரும்புத் தூணுங்க அவன் வார்த்ததுதான். 1897-ல பழைய அரண்மனை எரிஞ்சு போயி, 1912-ல புதுசு முடிஞ்சுது. கட்டுனவரு ஹென்றி இர்வின், நம்ம மெட்ராஸ் ஐகோர்ட்டக் கட்டி முடிச்ச அதே ஆளு.

அதுக்கும் முன்னால இன்னொரு கூத்து நடந்துச்சு. நம்ம கடலூருக்குத் தெற்க பரங்கிப்பேட்டையில 1830 வாக்குல ஜோசையா மார்ஷல் ஹீத்துன்னு ஒரு கும்பெனிக்காரரு இரும்பு உருக்குற ஆலை வச்சாரு. தாது சேலத்துது. எரிக்க மரக்கரி. இரும்பக் கட்டி கட்டியா உருக்கி ஷெஃபீல்டுக்கு அனுப்பினாங்க. கரிக்குக் காட்ட வெட்டி வெட்டி மாளல, கடனும் தீரல, அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள மூடிட்டானுங்க. சேலத்து மண்ணு கப்பலேறிப் போச்சு, கிளாஸ்கோ இரும்பு கப்பலேறி வந்துச்சு. நீ இப்ப மறுபடி கப்பலுக்கு ஆர்டர் குடுக்குற. கப்பல்காரன் பொழைக்கட்டும்.

சரி, இனிமேதான் சங்கதி.

உன் பாட்டி வூட்டுக்கு இரும்புக் குழாயே கிடையாதுன்னு இவ்வளவு நேரம் சொன்னேனே, அது முழுசா நெசமில்ல. தெருப் பக்கம் மாடியில ஒரு மச்சு அறை இருக்குது பாரு, உங்க கொள்ளுத்தாத்தா கணக்கு வேலைக்குன்னு கட்டுனது. அது மட்டும் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டை மேல செங்கல்ல குத்துக்கல்லா சுண்ணாம்புல அடுக்கி, மேல ஜல்லியடிச்சு, தட்டு ஓடு பதிச்சது. சரிவு இல்லாத தளம், தண்ணிக்கு வழி வேணும். அதனால மூலையில ஒரு துவாரம், துவாரத்துக்கு வெளிய ஒரு இரும்புக் கிண்ணம், அதுலேர்ந்து தரை வரைக்கும் நாலு அங்குலப் பைப்பு. நெசமான வார்ப்பிரும்பு. காது வச்சது. சுவத்துக்கும் பைப்புக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை இடம் வுட்டு மாட்டியிருந்தான், ஏன் தெரியுமா? பின்பக்கமும் பிரஷு போவணும்னு. பைப்பு துருப்பிடிக்கிறது எப்பவும் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்துலதான். கிண்ணத்துல தேய்ஞ்சுபோன இங்கிலீஷு எழுத்து நாலு இருக்குது. நீ அத்தப் பாத்தியோ?

பாத்திருக்க மாட்ட. உன் காண்ட்ராக்டரு போன வெள்ளிக்கிழமையே கடப்பாரை வச்சு நெம்பிட்டான். "சாருக்கு எல்லாம் புதுசா இரும்புல வருது, இந்தத் துருவெல்லாம் எதுக்கு"ன்னான். காயலான் கடை வண்டி தெருமுனையில நின்னுகினு இருந்துச்சு.

புது பழசு வாங்கறதுக்காகப் பழைய பழச எடைக்குப் போட்டவன் இந்தத் தொண்டை நாட்டுலயே நீ ஒருத்தன்தான் பேராண்டி. ஓடு போட்ட பின்கட்டுக்கு இரும்பு மாட்டப் பாக்குற, அதுக்கு அது தேவையில்ல. இரும்பு தேவைப்பட்ட மச்சுல பிளாஸ்டிக்கு மாட்டிட்டான் உன் ஆளு. நேத்து போய்ப் பாத்தேன், வெள்ளைக் குழாய்க்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கான். தூரத்துலேர்ந்து பாத்தா இரும்பு மாதிரியே இருக்குதாம். தூரத்துலேர்ந்து பாத்தா நான்கூடத்தான் எம்.ஜி.ஆர். மாதிரி இருப்பேன்.

அந்தக் கறுப்புப் பெயிண்டு இன்னா பண்ணும் கேளு. பத்து மீட்டர் பிளாஸ்டிக் குழாய் நாப்பது டிகிரி ஏத்த இறக்கத்துக்கு ரெண்டரை சென்டிமீட்டருக்கு மேல நீண்டு சுருங்கும். வார்ப்பிரும்பு அரை சென்டிமீட்டர்கூட நீளாது. நம்ம சித்திரை வெயில்ல கறுப்பு அடிச்ச பிளாஸ்டிக்கு புழு மாதிரி நெளியும், ரெண்டே வருசத்துல கிளாம்பு பிடுங்கும். அப்புறம் வெயில்ல வெளுத்துச் சொறசொறத்து, ஒரு தேங்கா மட்டை விழுந்தா ரெண்டா போவும்.

இன்னும் ஒண்ணு இருக்குது. உன் வூடு கோயில் சுவத்துலேர்ந்து எவ்வளவு தூரம்? நூறு மீட்டருக்குள்ள. அது மத்திய தொல்லியல் துறை கோயிலு. 2010-ல சட்டத்தத் திருத்துனதுலேர்ந்து, பாதுகாக்கப்பட்ட சின்னத்த சுத்தி நூறு மீட்டருக்குப் புதுசா ஒண்ணும் கட்டக் கூடாது. அதுக்கு மேல இருநூறு மீட்டரு அனுமதி வாங்கித்தான் கட்டணும். 1992 ஜூன் 16-க்கு முன்னாலேயே இருந்த கட்டடத்த வச்சிருக்கவன் பழுது பாக்கணும்னா மனு போட்டுக் கேக்கலாம். நீ மனு போட்டியா? இங்கிலாந்துக்காரன் குழாய் மாத்த மனு போடறத அம்மாம் பெருமையா சொன்னியே, நம்மூருச் சட்டத்துக்கும் அந்தப் பெருமையில கொஞ்சம் குடு. எழுதத் தெரியலன்னா நான் எழுதித் தரேன், கால் பக்கந்தான். எட்டாங் கிளாஸு போதும்.

இப்ப இன்னா பண்ணணும்னு கேப்ப. கேக்கலன்னாலும் சொல்லத்தான் போறேன், டீக்குக் காசு நான் குடுத்திருக்கேன்.

அந்தச் சிங்க மூஞ்சி ஆர்டரை நிறுத்து. முன்பணம் போனா போவுது, சிங்கத்துக்கு எரை போட்டதா நெனைச்சுக்கோ. பின்கட்டுல ஓட்டப் பிரிச்சு அடுக்கு. ஒடைஞ்சதுக்குப் பழைய ஓடு தேடு, இடிக்கிற வூட்டுல கிடைக்கும். நாலு கூடல்வாய்க்கும் புதுத் தகரம் மடிச்சுப் போடு, அகலமா, ஓட்டுக்கு அடியில ரெண்டு பக்கமும் முக்கால் அடி நுழையற மாதிரி. கல்லுப் பதிச்ச இடத்துல மண்ணு ஏறியிருக்குது, எடு. உன் ஆளு அது மேல டைல்ஸு ஒட்டலாம்னு பாக்குறான், கையில இருக்குற கரணையப் பிடுங்கு. முத்தத்துத் தண்ணிய ஜலதாரையில வுட்டுத் தெருவுக்கு அனுப்பாம கிணத்துப் பக்கம் திருப்பு. 2003-ல எல்லா வூட்டுக்கும் மழைநீர் சேமிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தப்போ இந்தத் தெருவே ரெண்டு அடிக் குழி தோண்டி, மேல ஒரு பைப்ப நட்டு வச்சு, வந்த ஆபீசருக்குக் காட்டிட்டு மூடிடுச்சு. உன் பாட்டி மட்டும் நெசமாவே கிணத்துக்கு வழி வுட்டா. அது அடைச்சிருக்குது, குத்தி வுடு.

மச்சுக்கு அந்தப் பழைய பைப்பே திரும்ப வரணும். ரெண்டு துண்டையும் நான் காசால தட்டிப் பாத்துட்டேன், ரெண்டும் 'ணங்'. கிண்ணத்துல மட்டும் ஓரமா கையளவு ஒடைஞ்சிருக்குது, உன் ஆளு கடப்பாரை வேலை. வெல்டிங் வைக்கறேன்னு எவனாவது வந்தா திண்ணையில ஏத்தாத. வார்ப்பிரும்ப முன்னாலேயே சூடு பண்ணி, நிக்கல் குச்சி வச்சுப் பொறுமையா பத்த வைக்கணும். சும்மா வச்சா பக்கத்துலயே இன்னொரு கீறல் வுடும். அதுக்கு ஒரு புதுக் கிண்ணம் வார்த்துக்கலாம். கோயமுத்தூரு பக்கம் ஃபவுண்டரிக்குப் பஞ்சமில்ல. ஆனா ஒரு சூட்சுமம். பழசையே மாதிரியா வச்சு மண்ணுல பதிச்சு வார்த்தா புதுசு கொஞ்சம் சின்னதாத்தான் வரும். உருகின இரும்பு ஆறச்சொல்ல அடிக்கு அரைக்கால் அங்குலம் சுருங்கும். கிண்ணத்துக்குத் தெரியாது. ஆறடிப் பைப்பு வார்த்தா முக்கால் அங்குலம் கொறையும், வாயும் மூக்கும் சேராது. மாதிரி செய்யற ஆசாரி அதுக்குன்னே கொஞ்சம் நீட்டமா கோடு போட்ட அளவுகோல் வச்சிருப்பான். வச்சிருக்கானான்னு மொதல்ல கேளு. இல்லேன்னு சொன்னா டீ மட்டும் வாங்கிக் குடுத்துட்டு வந்துடு.

மாட்டறதுக்கு முன்னால கம்பி பிரஷு போட்டுத் தேய்ச்சு, ரெட் ஆக்சைடு ரெண்டு கை, மேல பெயிண்டு ரெண்டு கை, பின்பக்கமும் சேர்த்து. கிண்ணத்துக்கு உள்பக்கம் தார் பூசு. சுவத்துலேர்ந்து அதே ரெண்டு விரக்கடை இடம் வுடு. ஈயம் ஊத்த ஆள் கிடைக்கலன்னா என்னக் கூப்பிடு. நான் ஊத்த மாட்டேன், கை நடுங்குது. பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, ஊத்துறவனத் திட்டுறேன்.

அதுக்கப்புறம் வருசா வருசம் புரட்டாசி கடைசியில ஒருத்தன் மேல ஏறணும். வேப்பிலை, புளியஞ்சருகு, குருவிக்கூடு, அரசங்கன்னு, எல்லாம் அந்தக் கிண்ணத்துலதான் குடியேறும். ஒரு அரசங்கன்னு ரெண்டு வருசம் நின்னா மச்சுச் சுவரையே பொளந்துடும். இந்த ஊருல ஏரி வாரியம்னு ஆறு பேர வச்சிருந்தானுங்க பாரு, ஏரி வெட்டறதுக்கு இல்ல, வெட்டுன ஏரியப் பாத்துக்க. வயிரமேகத் தடாகத்துல தூரு எடுக்கப் பொன்னு குடுத்த சங்கதி பல்லவன் காலத்துலேயே கல்லுல ஏறியிருக்குது. உன் கிண்ணத்துக்கு ஆறு பேர் வேணாம், பொன்னும் வேணாம். ஏணி வச்சு ஏறுற ஒருத்தன் போதும். நீ மாசத்துக்கு ஒரு தடவை வந்து போட்டோ எடுத்துட்டுப் போறவன். போட்டோவுல கிண்ணத்துக்கு உள்பக்கம் தெரியாது. அதனால பக்கத்து வூட்டுப் பையனுக்கு இப்பவே சொல்லி வை, வருசத்துக்கு ஐந்நூறு ரூபான்னு. கேட்டா எழுநூறு குடு.

என்னடா முழிக்கிற? பைப்புதான் காயலான் கடைக்குப் போயிடுச்சே, தட்டிப் பாத்தேன்னு இந்தக் கிழவன் எப்படிச் சொல்றான்னு யோசிக்கிறியா? எழுந்திரு. நீ உக்காந்திருக்குற திண்ணைக்கு அடியில குனிஞ்சு பாரு, சாக்கு போட்டு மூடி வச்சிருக்கேன். பைப்பு ரெண்டு, கீழ் வளைவு ஒண்ணு, கிண்ணம் ஒண்ணு, காது நாலு. வண்டிய மறிச்சு எடை போட்டு வாங்கினேன். 38 கிலோ, கிலோ முப்பது ரூபா, மொத்தம் 1,140. வண்டிக்காரனுக்கு டீ பத்து. காசக் குடுத்துட்டுத் தூக்கிகினு போ. தனியா தூக்காத, நழுவுனா மூணு துண்டாயிடும். உன் காண்ட்ராக்டர ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லு.